குமரி கடலை காப்பாத்த வேண்டியது சட்டப்படி யாரு? துறை துறையா ஒரு விளக்கம்

கன்னியாகுமரி மாவட்டத்து கடல் பாதுகாக்கப்பட்ட கடல் பகுதியான்னு கேட்டா பாதி பேர் ஆமாம்பாங்க, மீதி பேர் இல்லம்பாங்க, ரெண்டு பேர் சொல்றதும் ஒரு வகைல சரிதான், சிக்கலே அங்கதான் இருக்கு. 1989-ல மன்னார் வளைகுடா உயிர்க்கோள காப்பகம்னு ஒண்ணு அறிவிச்சாங்க, மொத்தம் 10,500 சதுர கிலோமீட்டர், ராமேஸ்வரத்துல ஆரம்பிச்சு கன்னியாகுமரி வரைக்கும் வருது. மேப்புல பாத்தா நம்ம முனையும் அதுல சேர்த்தி. ஆனா மீறினா கேஸ் போட்டு உள்ள தள்ளுற அளவுக்கு சட்டம் இருக்கிறது அதுக்குள்ள இருக்கிற மன்னார் வளைகுடா கடல்சார் தேசிய பூங்காவுக்குத்தான், அது 1986-ல வந்தது, 560 சதுர கிலோமீட்டர், தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல உள்ள 21 தீவும் அதை சுத்தின கடலும். நம்ம ஊர் வரைக்கும் அது வரல.

உயிர்க்கோள காப்பகம்ங்கிறது யுனெஸ்கோ திட்டத்தை ஒட்டி வந்த ஏற்பாடு. இந்தியாவுல அதுக்குன்னு தனிச்சட்டம் எதுவும் கிடையாது. ஆராய்ச்சிக்கு பணம் வரும், விழிப்புணர்வு கூட்டம் நடக்கும், போர்டு வைப்பாங்க, எல்லாம் நல்லதுதான், ஆனா ஒருத்தன் வந்து கடலுக்கடியில இருக்கிற பார் (பாறைத்திட்டு) மொத்தத்தையும் சுரண்டிட்டு போனா "இது உயிர்க்கோள காப்பகம், அதனால நீ குற்றவாளி"ன்னு எந்த அதிகாரியும் எழுத முடியாது. வேற ஏதாவது சட்டத்தை தேடித்தான் எழுதணும். அந்த வேற சட்டங்கள் எது, ஒவ்வொண்ணுலயும் பொறுப்பு யார் தலைல இருக்குங்கிறதை பத்தித்தான் இந்த கட்டுரை. கொஞ்சம் நீளமா போகும், டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க மக்கா.

முதல்ல வனத்துறை. கடல்ல வனத்துறைக்கு என்ன வேலைன்னு நிறைய பேர் கேப்பாங்க. 1972 வன உயிரின பாதுகாப்பு சட்டம் கரையோட நிக்கல. அதுல 26ஏ பிரிவு, கடற்கரையில இருந்து 12 கடல் மைல் வரைக்கும் உள்ள ஆட்சி எல்லை கடலை கூட மாநில அரசு சரணாலயமா அறிவிக்கலாம்னு சொல்லுது. ஆனா நிபந்தனை இருக்கு. ஒன்றிய அரசோட சம்மதத்தை முன்கூட்டியே வாங்கணும், எல்லையை கடற்படையோட தலைமை நீரளவை அதிகாரிகிட்ட கலந்துதான் முடிவு பண்ணணும், முக்கியமா உள்ளூர் மீனவர்களோட தொழில் நலனை காக்குறதுக்கு போதுமான ஏற்பாடு பண்ணின பிறகுதான் எல்லையே போடணும். இந்த கடைசி வரி சட்டத்துலயே இருக்குங்கிறது நம்ம ஊர்ல எத்தனை பேருக்கு தெரியும்னு தெரியல, சரணாலயம்னு பேச்சு வந்தாலே "நம்மளை கடலுக்கு போக விடமாட்டானுவ"ன்னு பயம் வருது, அந்த பயம் நியாயமானதுதான், ஆனா அந்த பயத்துக்கு பதில் சொல்ல வேண்டிய கடமையை சட்டமே அரசு மேல வச்சிருக்கு.

ஒருதடவை அறிவிச்சாச்சுன்னா அதுக்கப்புறம் கதை வேற. 33-வது பிரிவுப்படி சரணாலயத்தை கட்டுப்படுத்தி, நிர்வகிச்சு, பராமரிக்க வேண்டியது தலைமை வன உயிரின காப்பாளர். அது அவரோட கடமை, விருப்பம் இல்ல. 29-வது பிரிவுப்படி உள்ள இருக்கிற உயிரினத்தையோ அதோட வாழிடத்தையோ அவரோட அனுமதி இல்லாம அழிக்க கூடாது. அனுமதி குடுக்கணும்னாலும் அது வன உயிரினத்தோட நல்லதுக்குத்தான் இருக்கணும். ஆக எல்லை போட்ட கடல்ல பொறுப்பாளி யாருன்னு விரல் நீட்டி காட்டலாம். எல்லை போடாத நம்ம கடல்ல அந்த மாதிரி ஒரே ஒரு ஆள் கிடையாது. நான் சொல்ல வர்ற விஷயமே இதுதான், நம்ம கடல்ல அதிகாரம் ஏழெட்டு துறைக்கு இருக்கு, கடமைன்னு கேட்டா துண்டு துண்டா கிடக்கு, அந்த துண்டுகளை நாமளே தேடி எடுத்து ஒட்ட வேண்டியிருக்கு.

எல்லை இல்லாத இடத்துலயும் வனத்துறைக்கு ஒரு வேலை இருக்கு, அது உயிரினத்தை வச்சு வருது. ஆவுளியா (கடல் பசு), திமிங்கலம், கடலாமை, கடல் குதிரை, பவளம் எல்லாம் அந்த சட்டத்தோட பாதுகாக்கப்பட்ட உயிரின அட்டவணைல இருக்கு, அம்மணி உழுவைன்னு சொல்ற திமிங்கல சுறாவும் கடல் அட்டையும் 2001-ல சேந்தது. இதெல்லாம் எங்க இருந்தாலும் பிடிக்க கூடாது, விக்க கூடாது. திமிங்கல வாந்தி, அதான் அம்பர்கிரிஸ், வச்சிருந்தவனை பிடிச்சாச்சுன்னு அப்பப்ப பேப்பர்ல போட்டோ வருதே, அது இந்த சட்டம்தான். விக்கிறவனை பிடிக்கிறதுல இருக்கிற வேகம் அந்த திமிங்கலம் வாழுற கடலை காக்குறதுல இருக்கான்னு கேட்டா, அதை நீங்களே சொல்லுங்க.

சரணாலயத்தை விட கொஞ்சம் லேசான ஒரு வகை இருக்கு, பாதுகாப்பு காப்பகம்னு சொல்றது, 2002 திருத்தத்துல 36ஏ பிரிவா வந்தது. 2022 செப்டம்பர்ல பாக் விரிகுடாவுல தஞ்சாவூர், புதுக்கோட்டை கடல்ல 448 சதுர கிலோமீட்டருக்கு கடல் பசு காப்பகம் அறிவிச்சாங்களே, அது இந்த பிரிவுலதான். நம்ம மாவட்டத்துலயும் சுசீந்திரம், தேரூர், மணக்குடி சேத்து ஒரு பாதுகாப்பு காப்பகம் இருக்கு, அதுல சுசீந்திரம் தேரூர் குளங்களை 2022-ல ராம்சர் பட்டியல்லயும், அதான் சர்வதேச அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல், சேத்துட்டாங்க. இந்த வகைல அறிவிக்கிறதுக்கு முன்னாடி உள்ளூர் மக்கள்கிட்ட கலந்து பேசணும், அறிவிச்ச பிறகு நிர்வாக குழு அமைக்கணும், அந்த குழுவுல அந்த எல்லைக்குள்ள வர்ற ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு பிரதிநிதி, தொண்டு அமைப்புகள்ல இருந்து 3 பேர், வேளாண்மைத்துறைல ஒருத்தர், கால்நடைத்துறைல ஒருத்தர். மீன்வளத்துறை அந்த பட்டியல்ல இல்ல. காட்டை மனசுல வச்சு எழுதின சட்டத்தை கடலுக்கு இழுத்தா இப்படித்தான் ஆகும், கடல் காப்பகத்து குழுவுல ஆடு மாடு டாக்டருக்கு சீட் இருக்கு, மீனுக்கு பொறுப்பான துறைக்கு சட்டப்படி சீட் இல்ல.

இனி கடலுக்குள்ள வருவோம். நம்ம மாவட்டத்துல நிஜமா தினம் தினம் கடலை காப்பாத்துற, இல்ல காப்பாத்தாம விடுற சட்டம்னா அது 1983 தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறை சட்டம்தான். கட்டுமரக்காரங்களுக்கும் விசைப்படகுக்காரங்களுக்கும் சண்டை முத்திப்போயி அதுல பிறந்த சட்டம் அது. மரபு மீனவர் நலன், மீன்வளத்தை காக்குறது, கடல்ல சட்டம் ஒழுங்குன்னு இது எல்லாத்தையும் மனசுல வச்சு அரசு கட்டுப்பாடு போடலாம்னு சொல்லுது. கரையில இருந்து 3 கடல் மைல், அதாவது சுமார் அஞ்சரை கிலோமீட்டர், நாட்டுப்படகுக்கும் கட்டுமரத்துக்கும் மட்டும். விசைப்படகு அதுக்கு வெளியதான் வலை போடணும், காலைல 5 மணிக்கு போயி ராத்திரி 9 மணிக்குள்ள திரும்பணும்னும் இருக்கு. சின்னமுட்டத்துக்காரங்களுக்கு இந்த நேரக்கணக்கு நல்லா பழக்கம்.

என்னை கேட்டா இந்த 3 மைல் பட்டைதான் நம்ம மாவட்டத்தோட உண்மையான கடல் பாதுகாப்பு பகுதி. யாரும் அப்படி பேர் வைக்கல, அவ்வளவுதான். குமரி மேற்கு கரையில கடலுக்கடியில பாறை பாறையா பார் கிடக்கு, கணவாயும் இறாலும் கலவா மீனும் அதுலதான் ஒதுங்குது, ஆரோக்கியபுரத்துல இருந்து நீரோடி வரைக்கும் சுமார் 72 கிலோமீட்டர் கரைக்கு இந்த 3 மைலை ஒழுங்கா காத்தாலே ஒரு சரணாலயம் பண்ற வேலையில பாதியை பண்ணிரும், அதுவும் யாரையும் கரையில உக்கார வைக்காம. ஆனா இதை காவல் காக்க வேண்டியது மீன்வளத்துறை. படகை நிறுத்தி சோதனை போடலாம், பிடிச்சு வைக்கலாம், விசாரிச்சு அபராதம் போடலாம், எல்லா அதிகாரமும் இருக்கு, அமலாக்கத்துக்குன்னு போலீஸ்காரங்களை வச்சு தனி பிரிவும் இருக்கு. இருந்தும் அதே துறைதான் மானிய டீசலும் குடுக்குது, லைசென்சும் குடுக்குது, துறைமுகத்தையும் பாக்குது, மீனவர் குறைதீர் கூட்டத்துலயும் வந்து உக்காருது. ஒரே துறை தொழிலை வளக்கவும் தொழிலை கட்டுப்படுத்தவும் செஞ்சா எது பின்னாடி போகும்னு சொல்லத் தேவையில்ல.

வருசாவருசம் வர்ற தடைக்காலத்துல நம்ம மாவட்டம் ஒரு விசித்திரம். கிழக்கு கடற்கரைக்கு ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், மேற்கு கடற்கரைக்கு ஜூன் 1-ல இருந்து ஜூலை 31 வரைக்கும் 61 நாள். நமக்கு ரெண்டும் உண்டு, சின்னமுட்டம் பக்கம் கிழக்கு கணக்கு, முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் எல்லாம் மேற்கு கணக்கு. ஒரே மாவட்டத்துல ஒரு துறைமுகம் பூட்டிக்கிடக்கும்போது இன்னொண்ணு ஓடும். மீனுக்கு கிழக்கு மேற்கு தெரியாது, ஆனா பருவமழை ரெண்டு கரைக்கும் ஒரே நேரத்துல வர்றது இல்லையே, அதனால இந்த பிரிப்புக்கு ஒரு காரணம் இருக்கு. ஆனா மேப்பை வச்சு அதிகாரிக்கு கண்காணிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சு பாருங்க, ஜூன் முதல் 2 வாரம் ரெண்டு பக்கமும் தடை, மத்த நேரம் ஒரு பக்கம் மட்டும்.

சுருக்குமடி, அதான் மீன் கூட்டத்தை வளைச்சு அடியை சுருக்கி மொத்தமா அள்ளுற பெரிய வலை, அந்த விஷயம் தெரிஞ்சிருக்கும். தமிழ்நாடு 2000-லயே தடை போட்டது. வழக்கு உச்சநீதிமன்றம் வரைக்கும் போயி 2023 ஜனவரில இடைக்கால உத்தரவு வந்துச்சு, 12 கடல் மைலுக்கு வெளிய, வாரத்துல திங்களும் வியாழனும் மட்டும், காலைல 8 மணில இருந்து சாயங்காலம் 6 மணி வரைக்கும் போடலாம்னு. மாநிலத்தோட கை 12 மைலோட முடியுதுங்கிறதை அந்த உத்தரவு எல்லாருக்கும் பளிச்சுன்னு காட்டிருச்சு. அரசியலமைப்புலயே மீன்பிடி மாநில பட்டியல், ஆட்சி எல்லை கடலுக்கு வெளிய மீன்பிடி ஒன்றிய பட்டியல். ரெட்டை மடியும் (ரெண்டு படகு சேந்து ஒரே வலையை இழுக்கிறது) லைட் போட்டு பிடிக்கிறதும் 12 மைலுக்கு வெளிய கூடாதுன்னு 2017 நவம்பர்ல உத்தரவு போட்டது ஒன்றிய அரசு, ஏன்னா அது அவங்க கடல்.

அவங்க கடல்னு சொன்னதும் வெட்ஜ் பேங்க் ஞாபகம் வரணும். கன்னியாகுமரிக்கு தெக்க கடலுக்கடியில மேடா விரிஞ்சு கிடக்கிற மீன் களஞ்சியம், நம்ம ஆளுங்க தலைமுறை தலைமுறையா போற இடம். 1976 மார்ச்ல இந்தியாவும் இலங்கையும் எல்லை பேசினப்ப இது இந்தியாவோட பொருளாதார மண்டலத்துக்குள்ள, அதாவது 200 கடல் மைல் வரைக்கும் வளத்துல உரிமை உள்ள கடலுக்குள்ளன்னு ஒத்துக்கிட்டு, இலங்கை படகு 6-க்கு மேல வரக்கூடாது, வருசத்துக்கு 2,000 டன்னுக்கு மேல பிடிக்க கூடாது, அதுவும் 3 வருசத்துக்குத்தான்னு எழுதிக்கிட்டாங்க. அடுத்த நாட்டுக்காரனுக்கு அன்னைக்கே இவ்வளவு கறாரா அளவு வச்சவங்க, அந்த இடத்தை காப்பாத்துறதுக்கு நம்மகிட்ட என்ன விதி வச்சிருக்காங்க?

இங்கதான் சட்டத்துல ஒரு பெரிய ஓட்டை இருக்கு. வன உயிரின சட்டத்துல சரணாலயம் போடுறது ஆட்சி எல்லை கடல் வரைக்கும்தான், மாநில மீன்பிடி சட்டமும் அதோட சரி. அதுக்கு அப்பால 200 மைல் வரைக்கும் 1976 கடல் மண்டலங்கள் சட்டம். அதுல 7-வது பிரிவு கடல் சூழலை காக்குறதும் மாசை தடுக்கிறதும் ஒன்றிய அரசோட தனி அதிகாரம்னு சொல்லுது, கூடவே பொருளாதார மண்டலத்துல எந்த இடத்தையும் குறிப்பிட்ட பகுதியா அறிவிச்சு அங்க உள்ள வளத்துக்கும் கடல் சூழலுக்கும் பாதுகாப்பு விதி போடலாம்னும் இருக்கு. ஆக வெட்ஜ் பேங்கை காக்கணும்னா வழி இல்லாம இல்ல, சாவி டெல்லியில இருக்கு. "அறிவிக்கலாம்"னு தான் இருக்கு, அறிவிச்சே ஆகணும்னு இல்ல. அதிகாரத்துக்கும் கடமைக்கும் உள்ள தூரம் இதுதான். சென்னைல போயி மனு குடுத்து பிரயோஜனம் இல்லைங்கிறதும் இதனாலதான், மாநில அரசு கடிதம் எழுதலாம், தீர்மானம் போடலாம், விதி போட முடியாது.

2025 நவம்பர்ல பொருளாதார மண்டலத்து மீன்பிடிக்குன்னு ஒன்றிய அரசு புது விதிகள் கொண்டு வந்துச்சு, பெரிய படகுக்கு அனுமதி பாஸ், கூட்டுறவு சங்கங்களுக்கு முன்னுரிமை, லைட்டும் ரெட்டை மடியும் தடைன்னு. அதுவரைக்கும் வெளிநாட்டு கப்பலுக்கு 1981-லயே சட்டம் இருந்துச்சு, இந்திய படகுக்கு 12 மைலுக்கு வெளிய முழுசா ஒரு விதி இல்லாமலே ஓடிட்டிருந்துச்சு. ஆனா மீன்பிடியை மட்டும் கட்டுப்படுத்தி என்ன, கன்னியாகுமரிக்கு தெக்க ஆழ்கடல்ல எண்ணெய், எரிவாயு தேடுறதுக்கு பிளாக் பிரிச்சு குடுத்த சேதி வந்தப்ப கரையெல்லாம் கொதிச்சுது, ஊர் ஊரா போராட்டம் நடந்துச்சு. அந்த முடிவு பெட்ரோலிய அமைச்சகம், மீன்பிடி விதி மீன்வள அமைச்சகம், சுற்றுச்சூழல் அனுமதி இன்னொரு அமைச்சகம். தேடுதல் கிணறு தோண்டுறதுக்கு மக்கள் கருத்து கேட்பு வேண்டாம்னு 2020 ஜனவரில விதியை மாத்திட்டாங்க. எடுக்க ஆரம்பிக்கும்போதுதான் கேப்பாங்களாம், அதுக்குள்ள பணம் எவ்வளவு இறக்கியிருப்பான், அப்புறம் கேட்டு என்ன வரும்.

இந்த இடத்துல ஒரு விஷயத்தை சொல்லிட்டு போறேன். கடல் பாதுகாப்பு பகுதின்னா என்னன்னு தமிழ்நாட்டுலயே பட்டு அறிஞ்சவங்க தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள்தான். தூண்டில் போட்டு சுறா பிடிக்க இந்து மாக்கடல் முழுக்க போறவங்க, சாகோஸ் தீவுகள்ல உள்ள டீகோ கார்சியா பக்கம் பிரிட்டிஷ்காரன்கிட்ட மாட்டி அபராதம் கட்டி வந்த கதை அந்த ஊர்கள்ல உண்டு. சாகோஸ் தீவுகளை சுத்தி சுமார் 6,40,000 சதுர கிலோமீட்டர் கடலை 2010 ஏப்ரல்ல பிரிட்டன் பாதுகாப்பு பகுதின்னு அறிவிச்சுது, மீன்பிடிக்கவே கூடாது. அதை எதிர்த்து மொரீஷியஸ் போட்ட வழக்குல 2015-ல சர்வதேச நடுவர் மன்றம், மொரீஷியஸோட உரிமையை மதிச்சு ஒழுங்கா கலந்து பேசாம அறிவிச்சது கடல் சட்ட உடன்படிக்கைக்கு விரோதம்னு சொல்லிருச்சு. பாதுகாக்கிறோம்னு சொல்லிட்டா மட்டும் போதாது, யாரோட உரிமையை தொடுதோ அவங்ககிட்ட பேசியாகணும், அது நாட்டுக்கு நாடு நடந்தாலும் சரி, அரசுக்கும் நீரோடி மீனவருக்கும் நடுவுல நடந்தாலும் சரி.

அதே பிரிட்டன் தன்னோட சொந்த கரையில வேற மாதிரி பண்ணியிருக்கு, அதை நாம பாக்கணும். 2009-ல அவங்க போட்ட கடல் மற்றும் கடற்கரை சட்டத்துல 125-வது பிரிவுன்னு ஒண்ணு. இங்கிலாந்து, வேல்ஸ் பக்கம் கடல் பாதுகாப்பு மண்டலத்தை பாதிக்கக்கூடிய வேலை எதை பண்ணினாலும் எந்த பொது அமைப்பா இருந்தாலும், அது துறைமுகமா இருக்கட்டும் நகராட்சியா இருக்கட்டும், அந்த மண்டலத்தோட நோக்கத்துக்கு அதிகபட்சம் உதவியா இருக்கிற விதத்துல தன் வேலையை பண்ணணும், அது முடியலன்னா குறைஞ்ச கெடுதல் வர்ற விதத்துல பண்ணணும். பெரிய பாதிப்பு வரும்னு பட்டா இயற்கை பாதுகாப்பு அமைப்புக்கு தகவல் சொல்லணும், கடமையில தவறினா அந்த அமைப்பு விளக்கம் கேக்கலாம், கேட்டா பதில் குடுத்தாகணும். அங்க எல்லாம் ஒழுங்கா நடக்குதுன்னு நான் சொல்லல, ஆனா "இது என் துறை இல்ல"ன்னு ஒருத்தர் தட்டிவிடுறதுக்கு அந்த பிரிவு இடம் வைக்கல. நம்ம சட்டத்துல இப்படி எல்லா துறையையும் ஒரே கயித்துல கட்டுற பிரிவு இல்ல.

கரைக்கு திரும்புவோம், ஏன்னா கடல் கெடுறதுல பாதி கரையில இருந்துதான் போகுது. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்பு சட்டத்துக்கு கீழ வர்ற கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, அதான் சிஆர்இசட், 1991-ல முதல்ல, அப்புறம் 2011, அப்புறம் 2019. இதுல அலையாத்தி காடு, பவளம், மணல் மேடு, கடல்புல், ஆமை முட்டையிடுற இடம் எல்லாம் முதல் வகை, அங்க கட்டுமானத்துக்கு கெடுபிடி அதிகம். 12 மைல் வரைக்கும் உள்ள தண்ணி நாலாவது வகை. இதை பாத்துக்க மாநில கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையம், அதுக்கு கீழ மாவட்டத்துல ஆட்சியர் தலைமைல ஒரு குழு. 2011 அறிவிக்கைலயே அந்த மாவட்ட குழுவுல உள்ளூர் மரபு கடலோர சமூகத்துல இருந்து, மீனவர்கள் உட்பட, குறைஞ்சது 3 பேர் இருக்கணும்னு எழுதியிருக்கு. அந்த 3 பேர் யாரு, கடைசியா எப்ப கூடினாங்க, என்ன முடிவு எடுத்தாங்கன்னு ஒரு தகவல் உரிமை மனு போட்டு பாருங்க, 10 ரூபா, 30 நாள்ல பதில் வரணும். அனுமதி குடுத்த கூட்டத்து குறிப்பு கையில இல்லாம போராட்டத்துக்கு போறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

மணக்குடில பழையாறு கடல்ல சேருது, நாகர்கோவில் ஊரோட கழிவும் அந்த ஆத்துல தான் கலந்து வருது. கழிமுகத்துல அலையாத்தி வளருது, அது மேல சொன்ன பாதுகாப்பு காப்பகத்துல வருது. அப்ப இதுக்கு பொறுப்பாளி யாரு? காப்பகத்துக்கு வனத்துறை, தண்ணி மாசுக்கு 1974 தண்ணீர் சட்டப்படி மாசு கட்டுப்பாட்டு வாரியம், ஆத்துக்கு பொதுப்பணி பக்கம் நீர்வளத்துறை, கழிவை சுத்திகரிக்க வேண்டியது மாநகராட்சி. எல்லாரும் பொறுப்பாளி, அதனால கேட்டா யாரும் இல்ல. உள்ளாட்சிகள் வழக்கமா சொல்ற சாக்கு நிதி இல்லங்கிறது. 1980-லயே ரத்லாம் நகராட்சி வழக்குல உச்சநீதிமன்றம், நீதியரசர் கிருஷ்ணய்யர் எழுதின தீர்ப்பு, காசு இல்லைங்கிறது சட்டக்கடமையை செய்யாம இருக்க காரணம் ஆகாதுன்னு அடிச்சு சொல்லிருச்சு. 2017 பிப்ரவரில இன்னொரு வழக்குல உள்ளாட்சிகள் சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்தை 3 வருசத்துக்குள்ள கட்டி முடிக்கணும்னு கெடு போட்டாங்க. அந்த 3 வருசம் எப்பவோ போச்சு.

ஊராட்சிக்கும் ஒரு சின்ன ஆயுதம் இருக்கு, யாரும் எடுக்கிறது இல்ல. 2002 பல்லுயிர் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மை குழு வைக்கணும், ஊர்ல உள்ள உயிரினம், வளம் எல்லாம் மக்கள்கிட்ட கேட்டு பதிவேடு எழுதணும். கடலோர ஊர்ல அந்த பதிவேட்டுல எந்த பார் எங்க இருக்கு, எந்த மாசம் என்ன மீன் வருதுன்னு நம்ம ஆளுங்க மனசுல இருக்கிற கணக்கை எழுதி வச்சா, நாளைக்கு துறைமுகம், மணல் எடுப்பு, எண்ணெய் கிணறுன்னு ஏதாவது வரும்போது "இங்க ஒண்ணுமே இல்ல"ன்னு எந்த கம்பெனி அறிக்கையும் எழுத முடியாது.

கப்பல் விஷயத்துக்கு வந்தா இன்னும் குழப்பம். 2025 மே 25-ம் தேதி எம்எஸ்சி எல்சா 3 கொச்சி பக்கம் மூழ்குச்சு, 640 கன்டெய்னர், லைபீரிய கொடி. அதுல இருந்த பிளாஸ்டிக் மணிகள் நீரோட்டத்துல நம்ம கரையிலயும் வந்து ஒதுங்குச்சு, மணலோட மணலா கலந்து கிடந்ததை சல்லடை வச்சு அரிச்சு எடுக்க வேண்டியதாச்சு. கடல்ல எண்ணெய் மாசை எதிர்கொள்ள கடலோர காவல்படை, 1978-ல வந்த அதோட சட்டத்துலயே கடல் சூழலை பாதுகாக்குறதும் மாசை தடுக்குறதும் அதோட கடமைன்னு எழுதியிருக்கு. கரையில ஒதுங்கினதும் அது மாவட்ட நிர்வாகம். நஷ்ட ஈடு கேக்குறது மாநில அரசு. கேரளா தன்னோட உயர்நீதிமன்றத்துல 9,531 கோடி ரூபா கேட்டு கப்பல் கம்பெனி மேல வழக்கு போட்டுச்சு. மாசு பண்ணினவனே காசு குடுக்கணும்ங்கிற கொள்கை நம்ம நாட்டு சட்டம்னு உறுதியானது தமிழ்நாட்டு வழக்குலதான், 1996-ல பாலாறு தோல் தொழிற்சாலைகளை பத்தி வந்த வேலூர் குடிமக்கள் நல மன்ற தீர்ப்பு. கெடுதல் முழுசா நிரூபணம் ஆகுறதுக்கு முன்னாடியே தடுக்கணும்ங்கிற முன்னெச்சரிக்கை கொள்கையும் அதுலதான்.

அந்த 1996 நீதிமன்றத்துல கடலுக்கு நல்ல வருசம். ஏப்ரல்ல சிஆர்இசட்டை மாநிலங்கள் ஏட்டுல மட்டும் வச்சிருக்குன்னு கண்டிச்சாங்க. டிசம்பர்ல காந்தியவாதி ஜெகந்நாதன் அய்யா போட்ட இறால் பண்ணை வழக்கு, அதுவும் தமிழ்நாட்டு ஆளு. அதே டிசம்பர்ல கமல்நாத் வழக்கு, இமாச்சல்ல ஒரு ஆத்தங்கரை ஓட்டலை பத்தினது, ஆனா அதுல சொன்னதுதான் இன்னைக்கு வரைக்கும் நமக்கு பிடிமானம்: கடற்கரை, ஓடுற தண்ணி, காத்து இதெல்லாம் அரசோட சொத்து இல்ல, மக்களுக்காக அரசு பொறுப்பாளியா வச்சிருக்கு, அதை தனியாருக்கு தூக்கி குடுக்க முடியாது. எழுதின சட்டத்துல அதிகாரம் மட்டும் இருக்கிற இடத்துல எல்லாம் இந்த தீர்ப்பு கடமையை கொண்டு வந்து வைக்குது. சரணாலயம்னு அறிவிக்காத கடலுக்கும் இது பொருந்தும், அதான் முக்கியம்.

கோர்ட்டுக்கு முன்னாடியே தெருவுல இதை கேட்டாச்சு, அதையும் சொல்லணும். 1989-ல தேசிய மீனவர் பேரவை தண்ணியை காப்போம் உயிரை காப்போம்னு ரெண்டு கடற்கரையிலயும் நடந்து வந்து மே 1-ம் தேதி கன்னியாகுமரில முடிச்சாங்க, அன்னைக்கு துப்பாக்கிச்சூட்டுல போயி முடிஞ்சுது. உயிர்க்கோள காப்பகம் அறிவிச்ச அதே வருசம்.

இப்ப ஒரு துறை வேலை பாக்கலன்னா என்ன பண்றது. மனுவை பொதுவா "அரசு நடவடிக்கை எடுக்கணும்"னு எழுதாதீங்க. எந்த அதிகாரி, எந்த சட்டம், எந்த பிரிவு, எந்த தேதிக்குள்ளன்னு எழுதுங்க. 3 மைலுக்குள்ள இழுவை மடி ஓடினா மீன்வளத்துறை உதவி இயக்குநர், ஆமையோ கடல் அட்டையோன்னா மாவட்ட வன அலுவலர், சாக்கடைன்னா மாநகராட்சி ஆணையரும் மாசு வாரியமும், கரையில கட்டடம்னா ஆட்சியர் தலைமையில உள்ள குழு, 12 மைலுக்கு வெளியன்னா ஒன்றிய அமைச்சகம். பதில் இல்லன்னா பசுமை தீர்ப்பாயம், தென் மண்டல அமர்வு சென்னைல இருக்கு. ஆனா அங்க ரெண்டு விஷயத்துல நிறைய பேர் கோட்டை விடுறாங்க. ஒண்ணு காலக்கெடு, பிரச்சினை முதல்ல எழுந்த நாள்ல இருந்து 6 மாசம், தகுந்த காரணம் காட்டினா இன்னும் 60 நாள், நிவாரணமோ இழப்பீடோ கேக்கணும்னா 5 வருசம், குடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்க்கணும்னா வெறும் 30 நாள், அதுலயும் காரணம் காட்டி 60 நாள் கூட வாங்கலாம். இன்னொண்ணு, அந்த தீர்ப்பாயம் விசாரிக்கிற சட்டங்கள்னு ஒரு பட்டியல் இருக்கு, அதுல தண்ணீர் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு சட்டம், பல்லுயிர் சட்டம் எல்லாம் இருக்கு, வன உயிரின பாதுகாப்பு சட்டம் இல்ல, மாநில மீன்பிடி சட்டமும் இல்ல. அதனால 3 மைல் மீறல், சரணாலயம் அறிவிக்கிறது, தலைமை வன உயிரின காப்பாளர் தன் கடமையை செய்யலங்கிறது மாதிரி விஷயத்துக்கு சென்னைக்கு பஸ் ஏறாதீங்க, உயர்நீதிமன்ற மதுரை கிளைல அரசியலமைப்பு 226-வது பிரிவுல ரிட் மனு போடணும், அதுக்கு முன்னாடி சம்பந்தப்பட்ட அதிகாரிக்கு மனு குடுத்த ரசீது கையில இருக்கணும்.